இனி ‘க்ளீன்’ என்று சொல்ல மாட்டேன்

தம்பி, இந்தக் காகிதத்தை நீ தொட வேண்டாம். உன் அறையில் கூட இருக்கிற சேகர் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பான். நீ கட்டிலில் இருந்த இடத்திலேயே இருந்து கேட்டால் போதும். என் கையெழுத்து புரியாத இடத்தில் அவனாக ஒரு வார்த்தை சேர்த்துப் படித்தாலும் பரவாயில்லை, விஷயம் மாறாது. அந்தரங்கத்தை மூன்றாவது ஆள் வாயால் கேட்கவைக்கிறாரே அப்பா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நாலு சுவருக்குள் வைத்து இத்தனை வருஷம் பார்த்தாகிவிட்டது, இப்போது அது உன் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்து நிற்கிறது. உனக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. கெஞ்சத்தான் எழுதுகிறேன். முழுவதும் கேட்டுவிடு, நடுவில் எழுந்து குழாயடிக்குப் போய்விடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை சேகர் நம் வீட்டுக்கு வந்தான். உனக்குத் தெரியாமல்தான் வந்தான், அதற்காக அவனைத் திட்டாதே. அம்மா தோசை வார்த்துப் போட்டாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “இன்னாப்பா, துண்ணாம பாத்துகினு கீற?” என்று அவள் கேட்டதுதான் தாமதம், கொட்டிவிட்டான். “அங்கிள், அவன் காலைல பாத்ரூம் உள்ள போனா மத்தியானம்தான் வெளிய வரான். நான் பக்கத்து வூட்ல குளிச்சிகினு போறேன், அது பரவால்ல. ஆபீஸுக்கு ஒரு மாசமாப் போவல. நாஸ்தா வாங்கிகினு வந்து வெச்சா, பார்சலத் தொட்ட கையக் கழுவப் போறான். கழுவிகினு வரதுக்குள்ள அது ஆறி அவலாப் பூடுது. கைய ரெண்டையும் மேல தூக்கி வெச்சிகினே தூங்கறான். நேத்து சொல்றான், மச்சான், செத்துட்டா கையக் கழுவ வேணாம் இல்லன்னு. எனக்கு ஒரே பேஜாராப் போச்சு அங்கிள், அதான் பஸ் ஏறி வந்துட்டேன்.” அம்மா தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கல்லில் இருந்த தோசை கருகிப் புகைந்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட நீ போனில் ஆபீஸ் நல்லாப் போவுதுப்பா என்று சொல்லியிருந்தாய்.

சேகருக்கு என் வேலை என்னவென்று தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேகர், நான் அணுசக்தி நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளே வேலை செய்துவிட்டு வெளியே வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, கையில், காலில், தலைமுடியில் கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று மீட்டரைக் காட்டிப் பார்ப்பது என் வேலை. மீட்டர் டிக், டிக் என்று மெதுவாக அடித்தால் பிரச்சினை இல்லை. நான் ‘க்ளீன்’ என்பேன், அவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். புதிதாக வந்த ஆட்கள் முதல் வாரம் ‘இன்னொரு வாட்டி பாரு சார்’ என்று திரும்பி வந்து நிற்பார்கள். பெண்டாட்டி பிள்ளை வீட்டில் இருக்கிற பயம். இரண்டாவது வாரம் நான் சொல்வதைக் காதில் வாங்காமலேயே ஓடுவார்கள். பயம் என்றால் அப்படித்தான், பார்த்துச் சொன்னால் அடங்கிவிடும். சொன்ன பிறகும் அடங்காத பயம் ஒன்று உண்டு என்பது எனக்கு அந்த வேலையில் தெரியவில்லை.

தம்பி, நீ சின்னப் பையனாக இருந்தபோது சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் விளையாடிவிட்டு ஓடிவருவாய். வாசலில் உன்னை நிறுத்தி, வெறுங்கையை மீட்டர் போல உன் மேல் ஓட்டி, வாயால் டிக் டிக் என்று சத்தம் கொடுத்து, ‘க்ளீன், உள்ள போலாம்’ என்பேன். நீ கிளுகிளு என்று சிரிப்பாய். மற்ற அப்பாக்கள் மிட்டாய் வாங்கி வருவார்கள், நான் இதைக் கொண்டுவந்தேன். மூன்றாவது படிக்கும்போது ஒரு நாள் நான் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அவசரத்தில் அந்த விளையாட்டைச் செய்யாமல் உன்னை உள்ளே இழுத்துவிட்டேன். நீ திரும்ப வாசலுக்கு ஓடிப் போய் நின்றுகொண்டு அழுதாய். அம்மா என்னைத் திட்டினாள், ‘புள்ள ஆசையா கேக்குது, செஞ்சுட்டுப் போனா இன்னா?’ என்று. செய்துவிட்டுப் போனேன். அதில் தப்பாக எதுவும் எங்கள் கண்ணுக்குப் படவில்லை, யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

ஹைஸ்கூல் வந்ததும் உன் கை வெடிக்க ஆரம்பித்தது. விரல் இடுக்கெல்லாம் ரத்தம் கசிந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், சோப்பை மாற்றினோம். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார், தடவினோம். களிம்பு தடவின கையை நீ கழுவிவிடுவாய். எங்கள் பிரிவில் யார் கையிலாவது ஏதாவது ஒட்டிவிட்டால் சோப்புத் தண்ணீரில் மெதுவாகத்தான் கழுவுவோம், தோல் சிவக்கத் தேய்க்க விடமாட்டோம், தோல் கிழிந்தால் அதன் வழியாகத்தான் உள்ளே போகும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். அந்தப் பாடத்தை உனக்கும் சொன்னேன். நீ அதிலிருந்து புதிதாக ஒரு பயத்தை எடுத்துக்கொண்டாய். பாதுகாப்பு வாரத்தில் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். சுத்தம் பற்றிப் பேசி நீ முதல் பரிசு வாங்கினாய். நிலையத்து ஆட்கள் குடியிருக்கிற நம் டவுன்ஷிப் முழுக்க ‘அப்பா மாதிரியே புள்ள’ என்று கை கொடுத்தார்கள். வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருத்தர் ‘இன்னாடா இவன் எந்நேரமும் குழாயாண்ட நிக்கிறான்’ என்று கேட்டிருப்பார்கள். நம் ஊரில் தெருவுக்குத் தெரு கை கழுவச் சொல்லி போர்டு வைத்திருந்தார்கள், உன்னை எங்கே தனியாகக் கண்டுபிடிப்பது?

நாவலூரில் வேலை கிடைத்து நீ அறை எடுத்துத் தங்கிய பிறகு சாயங்காலப் போன் ஆரம்பித்தது. முதலில் ஒரு கேள்விதான். லிப்ட் பட்டனில் ஏதோ ஈரம் இருந்தது, ஒன்றும் ஆகாதே என்பாய். ஆகாதுடா, க்ளீன் என்பேன். அப்புறம் பஸ் சீட்டில் கறை, கீபோர்டில் யாரோ தும்மியது, கான்டீன் டம்ளர், தெருநாய் உரசிப் போன பேன்ட். நீ ஒரு தடவை சொன்னாய், “நீ சொன்னா போதும்ப்பா. உனக்கு அதான வேலை.” அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு அப்பன் வார்த்தைதான் மருந்து என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்து எழுந்து போய்ச் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது போன் அடித்து, துப்பிவிட்டுச் சொல்லியிருக்கிறேன். நீ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாய், நானும் அலுக்காமல் சொல்வேன்.

சுனாமியில் கடல் டவுன்ஷிப்புக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் மூன்று பேரும் பேசியதே இல்லை. இன்றைக்குப் பேசுகிறேன். நான் டியூட்டியில் இருந்தேன். அம்மா தனியாக இருந்தாள், தண்ணீர் இடுப்பளவு ஏறும்போது மாடி வீட்டுக்காரர்கள் இழுத்து ஏற்றிக் காப்பாற்றினார்கள். நான் டியூட்டியில் இருந்து வீடு வந்து சேர்ந்த பிறகு, நீ நாவலூரிலிருந்து பாதி தூரம் வண்டியிலும் மீதி நடந்தும் வந்து சேர்ந்தாய். கேட் வரைக்கும் வந்தவன் அதற்கு மேல் வரவில்லை. வீடு முழுக்கச் சேறு. “இன்னாடா அங்கியே நின்னுகினு கீற? உயிரோடதான் கீறேன், வந்து பாரு,” என்று அவள் கூப்பிட்டாள். நீ என்னைப் பார்த்து, “அப்பா, அந்தத் தண்ணில இன்னா இன்னா கலந்து வந்துச்சோ, இது க்ளீனாப்பா?” என்று கேட்டாய். செத்தவர்களைத் தெருவில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், நான் க்ளீன்டா, க்ளீன்டா என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் அவளே சேற்றுக் காலோடு உன்னிடம் நடந்து வந்தாள். நீ ஒரு அடி பின்னால் போனாய். உன் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கால் மட்டும் பின்னால் போனது. பிள்ளைக்கு நம் மேல் பாசம் இல்லையோ என்று அவள் அதற்கப்புறம் ஒரு வருஷம் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். உன்னை எது பின்னால் இழுத்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சேகர் போன மறுநாளே செங்கல்பட்டுக்குப் போனேன். பக்கத்திலேயே டாக்டர் இல்லாமல் இல்லை, பக்கத்தில் என்றால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்றுதான் அங்கே போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மனநல டாக்டர் ஒரு அம்மா கிளினிக் வைத்திருக்கிறார். உள்ளே நுழைந்தால், முன்னே என்னோடு ஒரே ஷிப்டில் இருந்த ஆள் ஒருத்தர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்துவிட்டு ‘ஒரே தலைவலி’ என்றார். ‘எனக்கும் அதான்’ என்றேன். இரண்டு பேரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்த வயசில் இப்படி ஒரு பொய் என்று சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுதுவிடுவேன் என்று அடக்கிக்கொண்டேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். நான் சொல்லி முடித்ததும், “உங்க பையன் கேக்கறார், நீங்க சொல்றீங்க. சொன்னா எவ்ளோ நேரம் தாங்குது?” என்றார். “முன்னல்லாம் ஒரு நாள் தாங்கும்மா,” என்றேன். “இப்போ?” “போன வெக்கறதுக்குள்ள போயிடுது.” அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், “நீங்க சொல்ற பதில்தான் அவருக்கு இன்னொரு குழாய். அங்க கையக் கழுவறார், உங்ககிட்ட மனசக் கழுவறார். ரெண்டுமே கொஞ்ச நேரம்தான். ஒவ்வொரு வாட்டி கழுவும்போதும் அடுத்த வாட்டி பயம் இன்னும் சீக்கிரமா வரும்.” அப்படியென்றால் இதை நான்தான் வரவழைத்தேனா என்று கேட்டேன். “இல்ல சார். இது உங்களால வரல, உங்க வேலையால வரல. வர்றவங்களுக்கு வரும். ஆனா நீங்க தினமும் அதுக்குச் சோறு போட்டுட்டு இருக்கீங்க,” என்றார். ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற ஓ.சி.டி. என்று ஒரு நோய் இருக்கிறது, நான் சொல்வதை வைத்துப் பார்த்தால் அதுவாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். எழுதித் தாருங்கள், மாத்திரையை நான் சாம்பாரில் கலந்து கொடுத்துவிடுகிறேன் என்று நான் காலில் விழாத குறையாகக் கேட்டேன். “ஆளைப் பார்க்காம நான் பேர் வைக்க மாட்டேன், அவருக்குத் தெரியாம மருந்தும் தர மாட்டேன். கூட்டிட்டு வாங்க,” என்று முடித்துவிட்டார்.

கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வார்கள் என்பதுதானே உன் பயம். அதையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். முதலில் உன்னோடு பேசுவார், உனக்குச் சொல்ல விருப்பம் இல்லாததை என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பார். நோய் அதுதான் என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மாத்திரை. குணம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டலாம், தூக்கம் முன்னே பின்னே ஆகலாம், அப்படி ஏதாவது என்றால் நாமாக நிறுத்தாமல் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இன்னொன்று பயிற்சி. பயப்படுகிற பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட வேண்டும், தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும், பயம் தானாக இறங்கும்வரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கென்று படித்தவர்கள் மெட்ராஸில் இருக்கிறார்கள், அவர் எழுதிக் கொடுப்பார். நீ சாப்பிடாமல் இருக்கிறாய் என்பதால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கலாம், உடம்பு ரொம்ப இளைத்திருந்தால் சில நாள் ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டியிருக்கலாம். எதைச் செய்வது என்று உன்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். முழுக்கச் சரியாகிவிடுமா என்று கேட்டேன். நிறைய பேர் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிற அளவுக்கு நன்றாக ஆகிறார்கள் என்றார். சத்தியம் செய்து கொடுக்கச் சொன்னேன். சிரித்துவிட்டு, ‘நீங்களும் உங்க பையன் மாதிரியே கேக்கறீங்க சார்’ என்றார்.

அம்மா தன் பங்குக்குத் திருப்போரூர் முருகனுக்கு உன் பேரில் மொட்டை வேண்டிக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று உன் பெரியம்மா சொன்னதற்கு, ‘என் புள்ளைக்கு வைத்தியம்தான் பண்ணணும், அதுக்கு ஒரு பொண்ணப் பலி குடுக்கறதா?’ என்று கேட்டுவிட்டாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மொட்டை நீ உடம்பு தேறினப்புறம் போட்டுக்கொள்ளலாம், முருகன் காத்திருப்பான்.

ஒன்று மட்டும் என் வேலையில் இருந்து உனக்குச் சொல்ல வேண்டும், இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் மீட்டர் எப்போதுமே பூஜ்யம் காட்டியதில்லை. யாரையும் எதையும் பக்கத்தில் வைக்காவிட்டாலும் டிக், டிக் என்று கொஞ்சம் அடித்துக்கொண்டேதான் இருக்கும். மண்ணில் இருக்கிறது, வானத்திலிருந்து வருகிறது, நம் கடற்கரை மணலில் மற்ற இடத்தைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுத்தான் நாங்கள் கணக்குப் பார்ப்போம். க்ளீன் என்று நான் சொன்னதற்கெல்லாம் அவ்வளவுதான் அர்த்தம். நீ கேட்கிற பூஜ்யம் எந்த ஊரிலும் இல்லை. அது இல்லாமலேயே அந்த ஆட்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்கள், நானும் உன்னைத் தூக்கினேன்.

இன்னொன்றையும் நேராகக் கேட்கச் சொன்னார் டாக்டர், சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சாக வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதா தம்பி? தோன்றினால் சொல். எந்நேரமானாலும் சொல், அந்தப் போனை நான் எப்போதும் எடுப்பேன், நாங்கள் வருவதாக இருக்கிற சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அப்போதே கிளம்பி வருவேன். சேகர், அவன் அப்படி ஏதாவது சொன்னால் அவனைத் தனியாக விடாதே, எனக்குக் கூப்பிடு. அந்தக் கேள்விக்கு மட்டும் எங்களுக்குக் கூச்சமே கிடையாது.

‘ஒண்ணும் ஆவாதே’ என்கிற மற்றக் கேள்விக்குப் பதில் சொல்வதை இனி நிறுத்துகிறேன். திடீரென்று நிறுத்தாதீர்கள், ஏன் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இத்தனை நீளமாக எழுதினேன். நேற்று அம்மாவை உன் மாதிரி கேட்கச் சொல்லி ஒத்திகை பார்த்தேன். அவள் சமையலறையில் நின்றுகொண்டு, “அப்பா, கதவுப் புடியத் தொட்டுட்டேன், ஒண்ணும் ஆவாதே?” என்றாள். என்னை அறியாமல் ‘க்ளீன்டா’ என்று வந்துவிட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி கேட்டாள், மறுபடியும் அதேதான் வந்தது. அப்புறம் அவளுக்கு அழுகை வந்து, அதற்கு மேல் கேட்க முடியவில்லை. மருந்து என்று நினைத்து இத்தனை நாள் கொடுத்ததை உன் கையிலிருந்து பிடுங்கப் போகிறேன். பசித்த பிள்ளை கேட்கும்போது இல்லை என்று சொல்வது எனக்கு வராது தம்பி. வந்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் அம்மாவும் நானும் நாவலூருக்கு வருகிறோம். வண்டி பேசியாகிவிட்டது. நீ எத்தனை நேரம் கழுவிவிட்டு வந்தாலும் வாசலில் காத்திருப்போம், கதவைத் தட்டி அவசரப்படுத்த மாட்டோம். வர முடியாது என்று நீ சொன்னால் கட்டி இழுத்துக்கொண்டு போக எங்களுக்கு மனசும் இல்லை, தெம்பும் இல்லை. மறுபடி மறுநாள் வருவோம்.

இதைக் கேட்டு முடித்த பிறகும் இன்று சாயங்காலம் நீ கூப்பிடுவாய், எனக்குத் தெரியும். போனை நான்தான் எடுப்பேன். அப்பா, ஒண்ணும் ஆவாதே என்று கேட்பாய். தெரியாதுடா கண்ணு என்பேன். அழுவாய். திட்டுவாய், திட்டு. நீ சொல்லாவிட்டால் இன்றைக்கு ராத்திரி பூரா தூங்க மாட்டேன் என்பாய். அதற்கும் தெரியாதுடா என்றுதான் சொல்வேன். நீ போனை வைக்கிறவரைக்கும் நான் வைக்க மாட்டேன்.

உன் அப்பா